தலைவனின் மௌனமும் வாசகர் அவையும்: 'சிவகாமியின் சபதம்' முதல் 'கங்கை எங்கே போகிறாள்' வரை

ஆய்வுச் சுருக்கம்

காதலன் சொல்லின்றி விலகிப் போவது தமிழ்க் கதை மரபில் பழைய பொருள். அவ்விலகலை வாசகர் எவ்வாறு ஏற்றனர், யாரிடம் விளக்கம் கேட்டனர் என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' (1944-46), ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966), அதன் தொடர்ச்சியான 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970), 'கங்கை எங்கே போகிறாள்' (1978) ஆகிய படைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. 1966இல் எழுந்த விவாதம் தாயின் செயலையும் மகளின் தூய்மையையும் மையமாகக் கொண்டது. காரோட்டி வந்த ஆணின் மௌனம் அவ்விவாதத்தின் ஓரத்திலேயே நின்றது. அந்த விடுபடலையே ஜெயகாந்தன் நாவலாக வளர்த்தார் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வாசகர் எதிர்வினை, தொடர்கதை, கல்கி, ஜெயகாந்தன், பிரிவு, அவை, சான்று.

முன்னுரை

நாவலூர் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை முடியும் கடற்கரை, தமிழ் வரலாற்று நாவலின் பிறப்பிடங்களுள் ஒன்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடன் மாமல்லபுரக் கடற்கரை மணலில் அமர்ந்திருந்த பொழுதில் 'சிவகாமியின் சபதம்' தம் உள்ளத்தில் உருக்கொண்டதைக் கல்கி அந்நாவலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். நெய்தல் நிலத்திற்கு உரிய உரிப்பொருளாக இலக்கணம் வகுத்தது இரங்கல். பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி இரங்கும் கதை அந்நிலத்தில் தோன்றியது பொருத்தமே.

இக்கட்டுரை தலைவியின் இரங்கலைப் பற்றியதன்று. இரங்கும் தலைவியையும் பேசாத தலைவனையும் படித்தவர்கள் யாரை நோக்கிக் கேள்வி எழுப்பினர் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. 1944 முதல் 1978 வரையிலான காலத்தில் வார இதழ்கள் தமிழ்ப் புனைகதையின் முதன்மைக் களமாக இருந்தன. ஒரு கதை வெளியான சில நாள்களுக்குள் பல ஊர்களில், பல வீடுகளில் ஒருசேரப் படிக்கப்பட்டது. அடுத்த வாரத்திற்குள் அதைப் பற்றிய கருத்தும் உருவாகிவிட்டது. இத்தகைய வாசகர் கூட்டத்தை 'அவை' என்னும் பழஞ்சொல்லால் இக்கட்டுரை குறிக்கிறது. அச்சொல்லைத் தேர்ந்ததற்கான காரணம் இரண்டாம் பகுதியில் விளங்கும்.

1. சான்றுகளின் இயல்பு

வாசகர் எதிர்வினையை ஆராய்பவர் முதலில் எதிர்கொள்வது சான்றுச் சிக்கல். தொடர்கதைகளை இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்துப் பைண்டு செய்து பாதுகாக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் பரவலாக இருந்தது. அத்தொகுப்புகளில் கதையும் ஓவியமும் எஞ்சின. வாசகர் கடிதம் இடம்பெற்ற பக்கங்கள் பழைய தாள்களோடு போயின. கதையைக் காத்த அதே கைகளே அதைப் பற்றிய விவாதத்தைக் கழித்துவிட்டன.

ஆகவே வாசகர் குரல் பெரும்பாலும் ஆசிரியரின் மறுமொழி வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. முன்னுரை, முடிவுரை, தொடர்ச்சியாக எழுதப்பட்ட அடுத்த படைப்பு ஆகிய மூன்றும் இங்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றில் ஒலிப்பது ஆசிரியர் தேர்ந்துகொண்ட வாசகர் குரல் என்பதை மறக்கலாகாது. எனினும் எந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கருதினார் என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே.

2. மரபில் தலைவனின் பிரிவும் பொய்யும்

தொல்காப்பியம் தலைவனின் பிரிவுக்கு ஓதல், பகை, தூது, பொருள் முதலிய காரணங்களை வகுத்துக் கூறுகிறது. காரணம் உடைய பிரிவு இது. தலைவி வருந்தினும் தலைவன் எங்குச் சென்றான், எப்பருவத்தில் மீள்வான் என்பது அவளுக்குத் தெரியும். கார்காலம் வந்தும் அவன் வாராதபோதுதான் துன்பம் முற்றுகிறது.

காரணம் கூறாத பிரிவை மரபு வேறு வகையில் எதிர்கொண்டது. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் படைத்த தலைவி, தன்னைத் தலைவன் கூடிய நாளில் உடனிருந்த சாட்சி, மீன் பார்த்து நின்ற ஒரு குருகு மட்டுமே என்கிறாள். அவன் சொன்ன சொல்லை மறுத்துவிட்டால் தான் என்ன செய்வது என்பது அவளது அச்சம். பேசத் தெரியாத பறவையைத் தவிர வேறு சான்று இல்லாத நிலையில், ஆணின் மௌனம் பெண்ணின் வாழ்வையே அழித்துவிடும் என்பதை அப்பாடல் உணர்த்துகிறது.

இதன் மறுபக்கத்தை அகநானூற்றின் 256ஆம் பாடல் காட்டுகிறது. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலம் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைக்கிறான். அறிந்த சான்றினரை வினவி உண்மை கண்ட அவை, அவனை மரக்கிளையில் பிணித்து, அவன் தலையில் நீறு பெய்கிறது. அப்போது அவையில் எழுந்த ஆரவாரத்தைப் புலவர் உவமையாக எடுத்தாள்கிறார். விசாரணைக்கு உட்பட்டவனும் தண்டனை பெற்றவனும் ஆண் என்பது இங்குக் கருதத்தக்கது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்னும் தொல்காப்பியக் கற்பியல் கருத்தும் இதனோடு இயைகிறது. ஆணின் சொல் நம்பத்தகாததாகும்போது சமூகம் சாட்சியாக நுழைகிறது.

தலைவன் பேசாதபோது யாரை அவை முன் நிறுத்துவது என்னும் இந்த வினாவை உடன் கொண்டு இருபதாம் நூற்றாண்டு வாசகர் அவையை அணுகலாம்.

3. மாமல்லரின் மௌனம்: விதியாக ஏற்கப்பட்ட விலகல்

கல்கி இதழ் 1941இல் தொடங்கப்பட்டது. அதில் 1944 முதல் 1946 வரை வெளியான 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகங்களைக் கொண்டது. முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றமையும், பரஞ்சோதி என்னும் சிறுத்தொண்டர் அப்போரில் பங்கு கொண்டமையும் வரலாற்றிலும் பெரியபுராணத்திலும் அமைந்த செய்திகள். சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் கல்கியின் கற்பனை.

வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி, மாமல்லர் அந்நகரை எரித்துத் தன்னை மீட்கும்வரை அங்கிருந்து வெளியேறுவதில்லை என்று சபதம் செய்கிறாள். மறைவாக வந்து அழைத்த அவரோடு செல்லவும் மறுக்கிறாள். ஒன்பது ஆண்டுகள் கடக்கின்றன. அதற்குள் அவர் பாண்டிய இளவரசியை மணந்து, தந்தையும் ஆகிறார். அச்செய்தியை அவர் சிவகாமிக்குத் தெரிவிக்கவில்லை. போர் முடிந்து காஞ்சிக்குத் திரும்பிய பின்னரே அவள் அதனை அறிகிறாள். ஏகாம்பரநாதர் சன்னிதியில் தன்னை இறைவனுக்கு ஒப்புவித்து ஆடும் அவளைக் கண்டு, மாமல்லர் ஒன்றும் பேசாது அகல்வதோடு நாவல் நிறைவுறுகிறது.

இவ்விலகலுக்குக் கதை போதிய காரணங்களை வழங்குகிறது. மகேந்திரவர்மரின் விருப்பம், அரசியல் தேவை, போர் ஆயத்தம் ஆகியன அவை. தொல்காப்பியம் வகுத்த பகைவயிற் பிரிவின் நீட்சியாகவே வாசகர் இதனைக் கொள்ள இயலும். நான்காம் பாகத்திற்குச் 'சிதைந்த கனவு' என்று பெயர் சூட்டியதன் மூலம் ஆசிரியரே வாசகரைத் துயருக்கு ஆயத்தப்படுத்துகிறார். யார் தவறு செய்தார் என்னும் கேள்வி எழாதவாறு அப்பெயர் அமைந்துள்ளது. கனவு சிதைந்தது, சிதைத்தவர் எவரும் சுட்டப்படவில்லை.

கல்கியின் வாசகர் எவ்வகைக் கேள்விகளை எழுப்பினர் என்பதற்குப் பின்னர் வந்த 'பொன்னியின் செல்வன்' (1950-54) முடிவுரை நல்ல சான்று. கதை திடீரென முடிந்துவிட்டதாக வாசகர் தெரிவித்த குறைக்கு அதில் கல்கி விளக்கம் தருகிறார். இன்னின்ன மாந்தருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்னும் கேள்விகளைத் தொகுத்து விடையும் கூறுகிறார். அவ்வாசகர் நாடியது செய்தி. கதைமாந்தர் மீது தீர்ப்பு வழங்கும் நோக்கம் அங்கு முதன்மை பெறவில்லை. வரலாறு நிகழ்ந்து முடிந்தது என்னும் உணர்வு, அரசனின் மௌனத்தை விசாரணையிலிருந்து காத்தது எனலாம்.

4. 1966: தாயை நோக்கித் திரும்பிய கேள்வி

சிவகாமிக்குப் பின் இருபது ஆண்டுகளில் கதைக்களம் காஞ்சிக் கோட்டையிலிருந்து சென்னைப் பேருந்து நிறுத்தத்திற்கு வந்தது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளியானது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஏழைக் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத செல்வந்த இளைஞனின் காரில் ஏறுகிறாள். நிகழ்ந்ததை வீடு திரும்பித் தாயிடம் சொல்லி அழுகிறாள். முதலில் பதறிச் சினந்த தாய், பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, எல்லாம் கழுவப்பட்டது என்று அவளை ஏற்கிறாள். இராமகாதையில் நெருப்பு செய்த வேலையை இங்குக் குளியலறை நீர் செய்கிறது. இராமனின் இடத்தில் கணவனோ காதலனோ இல்லை, தாயே இருக்கிறாள்.

இக்கதை பாராட்டையும் கண்டனத்தையும் ஒருங்கே எழுப்பியது. அவ்விவாதத்தின் மைய வினாக்களை இரண்டாகச் சுருக்கலாம். தாய் செய்தது முறையா? மகள் தூயவள்தானா? தாயைப் போற்றியவரும் தூற்றியவரும் இவ்விரு வினாக்களையே பொதுவாகக் கொண்டிருந்தனர். கருத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் விசாரணைக்கு உரியவர் யார் என்பதில் ஒன்றுபட்டனர்.

புராணப் பெண்களின் தூய்மையை வினாவுக்கு உட்படுத்தும் முயற்சி புதிதன்று. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' சீதையின் தீக்குளிப்பைக் கேள்வியுற்ற அகலிகை மீண்டும் கல்லாவதைக் காட்டியிருந்தது. அங்கு அகலிகையின் கேள்வி இராமனை நோக்கியது. 'அக்கினிப் பிரவேச'த்தைப் பற்றிய விவாதத்தில் அத்தகைய ஆண் ஒருவன் இலக்காகவில்லை. காரோட்டி வந்தவனுக்குக் கதையில் பெயரில்லை. கதை முடியும் இடத்தில் அவன் இல்லை. அவனிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் விவாதத்தின் ஓரத்திலேயே நின்றது. கள்ளூர் அவை ஆணை மரத்தில் பிணித்தது. 1966இன் அவை தாயையும் மகளையும் கூட்டில் ஏற்றியது.

இதற்குக் கதையமைப்பும் ஓரளவு காரணமே. தாயின் செயலையே உச்சமாக அமைத்த கதை, வாசகரின் பார்வையையும் அவள் மீதே குவிக்கிறது. ஆணின் மறைவை இயல்பாகக் கொள்ளும் சமூகப் பழக்கத்தோடு இவ்வமைப்பு எளிதில் பொருந்திவிட்டது.

5. நாவலுக்குள் நுழைந்த வாசகி

தாய் அவ்வாறு மகளை ஏற்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்னும் வினாவிலிருந்து ஜெயகாந்தன் நாவலைத் தொடங்கினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்னும் பெயரில் தொடராக வெளிவந்த அது, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என நூலுருப் பெற்றது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பின்னர் ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகி, கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதையும் ஈட்டித் தந்தது.

நாவலில் தாய் கனகம் கூக்குரலிட்டு ஊரறியச் செய்துவிடுகிறாள். அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு விலக்குகிறான். ஆதரவளித்துப் படிக்க வைத்த வெங்கு மாமாவின் பார்வையும் தூயதன்று. கங்கா உயர்ந்த பணியில் அமர்ந்து, தன் வருவாயில் வாழும் பெண்ணாகிறாள். இந்நிலையில் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் கதை ஓர் இதழில் வெளிவருகிறது. தாயும் மகளும் அதனைப் படிக்கின்றனர்.

வாசகர் எதிர்வினை வரலாற்றில் இது முதன்மையான இடம். இதழில் வந்த கதையைப் பற்றி வாசகர் தீர்ப்புரைத்தனர். அக்கதையின் நாயகியையே வாசகியாக்கி ஆசிரியர் விடையளித்தார். கனகத்திற்கு அக்கதை, தான் செய்யத் தவறியதை எடுத்துக்காட்டுகிறது. கங்காவுக்கு அது வேறொன்றைத் தருகிறது: தன் வாழ்வின் மறைந்த பாதியைத் தேடும் வழியை. வெங்கு மாமா இகழ்ச்சியோடு விடுத்த அறைகூவலும் அவளைத் தூண்டுகிறது. முடிந்தால் அன்று காரில் வந்தவனையே தேடிக் கண்டுபிடி என்பது அதன் சாரம். கங்கா கதையாசிரியரின் உதவியோடு பிரபுவைக் கண்டடைகிறாள்.

குறுந்தொகைத் தலைவிக்குச் சாட்சியாக இருந்தது பேசாக் குருகு. கங்காவுக்குச் சாட்சியாக ஓர் எழுத்தாளர் கிடைக்கிறார்; அச்சிட்ட இதழ் அவளது சான்றாகிறது. புறத்தே இருந்த வாசகர் அவை கேளாது விட்ட ஆணை, நாவலின் உள்ளே இருந்த வாசகி தானே சென்று அழைக்கிறாள். ஆனால் அவள் அவனைத் தண்டிக்கவில்லை. தன் வாழ்வைப் புரட்டிய அந்நாள் அவனுக்குப் பல நாள்களுள் ஒன்று என்பதை அறிகிறாள். மனைவியும் பிள்ளைகளும் உள்ள அவன், தன்னளவில் வெறுமையுற்றவன் என்பதையும் காண்கிறாள். தண்டனைக்கு உரிய இடத்தில் நட்பு முளைக்கிறது. அவனைப் பேச வைத்ததே அவள் பெற்ற பேறு.

6. பிரபுவின் இரண்டாம் மௌனம்

கங்காவுக்கு மணம் முடிக்கும் பேச்சு எழும்போது, அவளது நலத்தைக் காரணம் காட்டிப் பிரபு விலகுகிறான். முதல் விலகல் பொறுப்பின்மையால் நிகழ்ந்தது. இரண்டாவது நல்லெண்ணத்தின் பெயரால் நிகழ்கிறது. அவள் என்ன விரும்புகிறாள் என்று இரு முறையும் அவன் கேட்கவில்லை. கங்கா மதுவை நாடுகிறாள்.

இங்கு மாமல்லரை மீண்டும் நினைவுகூர்தல் தகும். சிவகாமியிடம் மணச்செய்தியை மறைத்த அரசரின் மௌனத்திற்கும், கங்காவின் நன்மைக்கென விலகும் பிரபுவின் மௌனத்திற்கும் இடையே பொதுத்தன்மை உண்டு. பெண்ணின் வாழ்வைப் பற்றிய முடிவை அவள் இல்லாத இடத்தில் ஆண் எடுக்கிறான். அதனைத் தியாகம் அல்லது கடமை எனப் பெயரிடுகிறான். சிவகாமிக்குக் கோயில் இருந்தது. அவளது துயரை இறையன்பாக மாற்றிக்கொள்ள மரபு இடமளித்தது. அலுவலகம் செல்லும் கங்காவுக்கு அத்தகைய புகலிடம் இல்லை. தூய நாயகியைப் போற்றுவதற்கும் வீழ்ந்த நாயகிக்கு இரங்குவதற்கும் பழகியிருந்த வாசகருக்குக் கையில் மதுக்கிண்ணத்துடன் நிற்கும் கங்கா எளிதில் வகைப்படவில்லை.

1978இல் வெளிவந்த 'கங்கை எங்கே போகிறாள்' இந்நிலையிலிருந்து கதையைத் தொடர்கிறது. தலைப்பே வாசகரின் வினா வடிவில் அமைந்திருப்பது தற்செயலன்று. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சிறுகதை இரு நாவல்களாகவும் ஒரு திரைப்படமாகவும் விரிந்தது. இவ்விரிவின் ஒவ்வொரு படியிலும் முந்தைய படி எழுப்பிய கேள்விக்கு ஆசிரியர் விடையளிக்கிறார். அவ்விடையே அடுத்த கேள்வியை எழுப்புகிறது.

கல்கி வாசகருக்கு முடிவுரையில் விடை தந்தார். அது கதைக்குப் புறத்தே நின்றது. ஜெயகாந்தனின் விடை கதைக்குள் நிகழ்ந்தது. அந்த இடமாற்றமே இக்காலப் பகுதியில் ஆசிரியர்-வாசகர் உறவில் நேர்ந்த மாற்றத்தின் அளவுகோல்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகளை இவ்வாறு தொகுக்கலாம். முதலாவது, தலைவனின் மௌனத்தை விசாரிக்கும் மரபு தமிழில் அகநானூற்றுக் காலத்திலேயே இருந்தது. 1966இன் வாசகர் அவை அம்மரபைக் கைக்கொள்ளவில்லை. இரண்டாவது, வரலாற்று நாவலில் ஆணின் மௌனம் கடமை என்னும் காரணத்தால் காப்புப் பெற்றது. சமகாலக் கதையில் அது பெயரின்மையால் காப்புப் பெற்றது. மூன்றாவது, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வாசகர் எதிர்வினைக்கு எழுதிய மறுமொழி மட்டுமன்று. வாசகர் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்ட நூலும் ஆகும்.

ஒரு படைப்பு எழுப்பிய ஆரவாரத்தை ஆராயும்போது, எவை பேசப்பட்டன என்பதோடு எவை பேசப்படவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாசகர் கடிதங்களைப் பொருளடிப்படையில் தொகுத்துரைக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. அக்கடிதங்களில் யார் எழுவாயாக வருகிறார், யார் பெயரின்றி மறைகிறார் என்று பகுத்தாய்ந்தால், புனைகதை வரலாற்றோடு சமூக அறவுணர்வின் வரலாறும் தெளிவுறும். கள்ளூரில் ஒருவன் அறியேன் என்று சொல்லவேனும் நேர்ந்தது. 1966இல் காரோட்டி வந்தவனுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லும் தேவைகூட எழவில்லை. அவனைத் தேடிச் சென்று பேச வைத்தவள் கங்கா. அந்நாவலின் வரலாற்று இடம் அதுவே.